கொடைக்கு மட்டும் ஒரு மாத்திரை

ஆஸ்பத்திரிப் பத்திரிகைக்குக் கோபப்படாமல் எழுதுங்கள் என்று சொல்லித்தான் கேட்டார்கள். மகப்பேறு மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை வேண்டுமாம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கான குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி இருந்தால் நல்லதாம், கொஞ்சம் இதமாகவும் இருக்க வேண்டுமாம். தென்காசியில் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழில் பார்த்தவளிடம் போய் இதம் கேட்பது மிளகாய்க் கடையில் கற்கண்டு கேட்கிற கதைதான். இருந்தாலும் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

எந்த நோயாளிக்கு எந்த ஊசி, எத்தனை யூனிட் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இந்தப் பத்திரிகையை நர்ஸ் பிள்ளைகளும் ரிசப்ஷனில் இருப்பவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக நோயை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பையின் உள்ளே இருக்க வேண்டிய சவ்வு போன்ற ஒரு திசு வழி தவறி வெளியே சினைப்பை மேலும் கருக்குழாய் மேலும் ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதாமாதம் அதுவும் வீங்கும், ரத்தம் கசியும், போக வழியில்லாமல் உள்ளேயே உறையும். சினைப்பைக்குள் அப்படி உறைந்து கருத்துப்போன ரத்தக் கட்டியைச் சாக்லேட் கட்டி என்கிறோம். இவ்வளவு இனிப்பான பெயரை ஒரு பெண் வைத்திருக்க மாட்டாள்.

அந்த வலிக்கு ஊரில் கிடைக்கிற மருந்து என்ன தெரியுமா? கல்யாணம். நான் படித்த காலத்தில் எங்கள் பெரிய டாக்டரே, வலியில் சுருண்டு கிடந்த பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு, நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். கல்யாணம் ஆகியும் வலி போகவில்லையென்றால் அடுத்த சீட்டு, பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும். பிள்ளை பிறக்கவிடாமல் தடுப்பதே அந்த நோய்தான் என்றால் அதற்கு யாரிடமும் பதில் இல்லை. வயிற்றுக்கு வைத்தியம் கேட்டு வந்தவளுக்கு மாப்பிள்ளையை எழுதிக் கொடுக்கிற வைத்தியம் வேறு எந்த நோய்க்காவது உண்டா?

மாரிச்செல்வி இந்த இரண்டு மருந்தையும் வாங்கிக்கொண்டவள். பிறந்தது அச்சன்புதூர், வாழ்க்கைப்பட்டது சுந்தரபாண்டியபுரத்தில். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், தை மாதத்தில் மாமியாரோடு என்னைப் பார்க்க வந்தாள். முப்பத்தொரு வயது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மாதம் தவறாமல் வலி. கல்யாணமாகிச் சில வருஷத்தில் இடது சினைப்பையில் கட்டி என்று வேறோர் ஊரில் அறுவைசிகிச்சை செய்திருந்தார்கள். இப்போது கட்டி வலப்பக்கமும் வந்துவிட்டது.

நான் மருமகளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியார்தான் பதில் சொன்னார். இதை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். வயிறு ஒருத்திக்கு, வாய் இன்னொருத்திக்கு. கோயில் காரியத்தில் முதல் மரியாதை வாங்குகிற குடும்பம் என்பதும், வயல் எங்கெங்கே கிடக்கிறது என்பதும் எனக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டன. மாரிச்செல்வியின் குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியவில்லை.

பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கருமுட்டை வளர்வதற்கு மாத்திரை, வளர்ந்ததா என்று பார்க்க ஸ்கேன், மறுபடியும் மாத்திரை, மறுபடியும் ஸ்கேன் என்று மூன்று வருஷமாக நடந்திருக்கிறது. வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன். பட்டாளத்தில் இருக்கிறாராம், எல்லையில். வருஷத்துக்கு இரண்டு தரம் லீவில் வருவாராம். புருஷன் பனிமலையில் துப்பாக்கியோடு நிற்கிறான், பெண்டாட்டிக்கு இங்கே மாதாமாதம் முட்டை வளர்க்கிறார்கள். படித்துப் பட்டம் வாங்கிய ஒருவருக்காவது, உன் வீட்டுக்காரர் இந்த மாதம் ஊரில் இருக்கிறாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

அவருக்கு ஏதாவது பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டதற்கு மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பட்டாளத்துலயே பாத்துத்தான் எடுத்திருக்காங்க. அவனுக்கு என்ன கொறை?" என்றார். பட்டாளத்தில் மார்பளவும் ஓட்டமும்தான் பார்ப்பார்கள், நான் கேட்பது வேறே என்றேன். அன்று ஒரே ஒரு தரம் மாரிச்செல்வி சிரித்ததைப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டு.

ரிப்போர்ட்டுகள் வந்தன. சினைப்பையில் எவ்வளவு முட்டை மிச்சம் இருக்கிறது என்று காட்டும் ஏ.எம்.ஹெச். பரிசோதனையில் அளவு மிகக் குறைவு. முதல் அறுவைசிகிச்சையில் கட்டியின் தோலை உரித்தபோது நல்ல முட்டைகளும் கூடவே போயிருக்கின்றன. இடப்பக்கம் ஏறக்குறைய காலி. இரண்டு கருக்குழாய்களில் ஒன்று ஒட்டிப்போய் அடைத்திருந்தது. இருக்கிற கொஞ்ச முட்டையும் வலப்பக்கச் சினைப்பையில், அந்தப் புதுக் கட்டியை ஒட்டித்தான் இருந்தது.

நான் கத்திக்கு எதிரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வலி தாங்க முடியாமல் போனால், கட்டி வேறு மாதிரிச் சந்தேகமாக இருந்தால், முட்டை எடுக்கவே வழியில்லாமல் மறைத்தால் அறுவைசிகிச்சை செய்யத்தான் வேண்டும். நோய் ஆரம்பநிலையில் இருக்கும் சிலருக்கு லேப்ராஸ்கோப்பியில் சுத்தம் செய்தாலே கர்ப்பம் தங்கிவிடுகிறது. வயது குறைவு, குழாய் திறந்திருக்கிறது, முட்டை போதுமான அளவு இருக்கிறது என்றால் கொஞ்ச காலம் இயற்கையாகவே முயற்சி செய்யலாம், அல்லது விந்தணுவைக் கருப்பைக்குள் நேரே செலுத்தும் ஐ.யு.ஐ. செய்து பார்க்கலாம். நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம், அதற்காக எல்லாருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. மாரிச்செல்விக்கு இதில் எதற்கும் நேரம் இல்லை. அவள் முட்டையைக் கத்தி தொடுவதற்கு முன்னால் வெளியே எடுத்து, கணவனின் அணுவோடு சேர்த்துக் கருவாக்கி, உறைய வைத்துவிட வேண்டும் என்பது என் முடிவு. அப்புறம் கருப்பையைச் சாவகாசமாகத் தயார் செய்துகொள்ளலாம். ஊர் பாஷையில் டெஸ்ட் டியூப்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்றார். பழைய சர்ஜன் ஏற்கெனவே வலப்பக்கக் கட்டியையும் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தாராம். கட்டி போய்விட்டால் கரு தானாகத் தங்கும், எதற்கு இந்தச் செயற்கை எல்லாம் என்றார். அந்த சர்ஜனுக்கு நானே போன் செய்தேன். கெட்ட மனுஷர் இல்லை, கை சுத்தமான சர்ஜன். ஸ்கேனில் அவ்வளவு பெரிய கட்டி தெரியும்போது எடுக்காமல் எப்படி மேடம் விடுவது என்றார். ஏ.எம்.ஹெச். எவ்வளவு என்று கேட்டேன். அவர் பார்க்கவில்லை. இது உங்களுக்கான பாடம் பிள்ளைகளே, சிவப்பு மையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வேண்டும் என்று வருகிறவளின் சினைப்பையில் கத்தி வைப்பதற்கு முன்னால் அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். அரைத்தேக்கரண்டி நெய் இருக்கிற கிண்ணத்தைச் சுத்தமாகக் கழுவித் தருகிறேன் என்பது சாமர்த்தியம் இல்லை.

ஆடியில் அவள் கணவன் சண்முகவேல் ஒரு மாத லீவில் வருவதாக இருந்தது. வந்ததும் பரிசோதனை, அவளுக்கு மாதவிலக்கு வந்த இரண்டாம் நாளில் ஊசி ஆரம்பம், பத்துப் பன்னிரண்டு நாளில் திருநெல்வேலி மையத்தில் முட்டை எடுப்பது என்று திட்டம். மாமியார் அரைமனதாகத் தலையாட்டினார். ஆனால் இந்த லீவில் இது நடக்காவிட்டால் ஆவணியில் ஆபரேஷன், அதற்கும் நாள் கேட்டு வைத்திருக்கிறோம் என்றும் சொல்லிவிட்டார். அதாவது சண்முகவேல் ரயில் ஏறிவிட்டால் அந்த வீட்டில் அவளுக்காகப் பேச ஆள் இல்லை, மிச்சம் இருக்கிற முட்டையும் கத்திக்குப் போகும்.

சண்முகவேல் வந்தான். ஒரு வார்த்தை மறுக்காமல் பரிசோதனை செய்துகொண்டான், அவனிடம் ஒரு குறையும் இல்லை. மாதவிலக்குதான் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னும் சில நாளும் போயிற்று. குற்றாலத்தில் சாரல் கொட்டிக்கொண்டிருந்தது, ஊர் முழுக்க வெளியூர்க் கார்கள், சுந்தரபாண்டியபுரத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நாட்டியாகிவிட்டது. ஒருநாள் காலையில் மாமியார் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பை நிறைய மாம்பழத்தோடு என் முன்னால் வந்து நின்றார். நாள் தள்ளிப்போயிருக்கிறதாம், அம்மன் கண் திறந்துவிட்டாளாம். ஊசியும் வேண்டாம் டியூபும் வேண்டாம் என்று சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சோதித்தேன், கர்ப்பம் இல்லை. ரத்தத்திலும் பார்த்தேன், இல்லவே இல்லை. மாமியார் மாம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் கணக்கு உதைத்தது. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவளுக்கு ஏன் வரவில்லை? வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று தை மாதத்திலேயே கேட்டிருந்தேன், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். இப்போது மறுபடி கேட்டேன். மாமியார் மறுபடியும் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாரிச்செல்வியை மட்டும் ஸ்கேன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினேன். சினைப்பை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது, முட்டை வளர்வதற்கான அறிகுறியே இல்லை. எனக்குச் சுரீர் என்று பட்டது. கொடையில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"மொத மொளப்பாரி எங்க வீட்டுலதான் எடுக்கணும் டாக்டரம்மா. குத்தாலத்துல போயி தீர்த்தமும் எடுக்கணும். நடுவுல தூரமாயிட்டா பெரிய கொறையாயிரும்லா" என்றாள். "அதுக்குத்தான் அத்த மாத்திர வாங்கித் தந்தாங்க. கால் நாட்டுன பெறவு போடுன்னுதான் சொன்னாங்க, நான் அவங்களுக்குத் தெரியாம முன்னாலயே போட ஆரம்பிச்சிட்டேன்."

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கேட்டாலும் கொடுக்கிறார்கள். கொடைக்கு, கல்யாணத்துக்கு, சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வீட்டில் இருந்தால் அதற்கு, சீசனில் விருந்தாளி வந்தால் சமைக்க ஆள் வேண்டுமே, அதற்கு. இந்த ஊர்ப் பெண்கள் இதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வீட்டில் கற்பூரம் இருப்பதுபோல இதுவும் இருக்கும். அதனால்தான் மாத்திரை சாப்பிடுகிறாயா என்றால் இல்லை என்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. கோயிலுக்காக, விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போட ஏதாவது போடுவாயா என்று கேளுங்கள். அதையும் மாமியார் இல்லாத அறையில் கேளுங்கள்.

நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவளாகவே அடுத்ததைச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா டாக்டரம்மா? கொடை மாசத்துல மட்டும் எனக்கு வலியே வராது. அம்மதான் பாத்துக்கிடுதான்னு நெனைச்சிக்கிடுவேன்."

பிள்ளைகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மாத்திரையில் இருக்கும் ஹார்மோன், எண்டோமெட்ரியோசிஸ் வலியை அடக்க நாம் எழுதித் தருகிற வகையைச் சேர்ந்ததுதான். பிள்ளைக்கு முயற்சி செய்யாத காலத்தில் டாக்டர் மேற்பார்வையில் கொடுத்திருந்தால் அத்தனை வருஷம் அவள் பாயில் சுருண்டு கிடந்திருக்க வேண்டியதில்லை. மருந்து வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது. சாமிக்கு வேண்டும்போது எடுத்துக் கொடுத்தார்கள், விருந்தாளிக்கு வேண்டும்போது கொடுத்தார்கள். அவளுக்கு வலித்தபோது மட்டும் சுக்குக் கஷாயம். ஒரு தடவை வலி தாங்காமல் அந்த மாத்திரையைக் கேட்டாளாம், சும்மா சும்மா போட்டால் கருப்பை கெட்டுவிடும் என்று அலமாரியைப் பூட்டிவிட்டார்களாம். கொடைக்குப் போட்டால் கெடாத கருப்பை வலிக்குப் போட்டால் கெட்டுவிடும் என்று எந்த மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்? வாசலுக்குப் போய் அந்த அம்மாளைக் கையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட அதிகமாக, பன்னிரண்டு வயதிலிருந்து இந்தப் பெண்ணைப் பார்த்த எங்கள் டாக்டர்கள் அத்தனை பேரையும் உலுக்க வேண்டும் போல இருந்தது.

இப்போது முடிவெடுக்க வேண்டும். சண்முகவேல் லீவில் பாதி ஓடிவிட்டது. திருநெல்வேலி மையத்துக்குப் போன் செய்தேன். இளம் டாக்டர் ஒருவர், இந்த மாதம் விட்டுவிடலாம் மேடம், கணவரின் அணுவை உறைய வைத்துக்கொண்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். புத்தகப்படி அவர் சொன்னது சரி. புத்தகத்தில் அந்த மாமியார் இல்லை, ஆவணியில் குறித்த ஆபரேஷன் நாளும் இல்லை. மாதவிலக்குக்காகக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே ஊசியை ஆரம்பியுங்கள் என்றேன். கருவை இந்த மாதம் உள்ளே வைக்கப்போவதில்லை, எல்லாவற்றையும் உறையத்தான் வைக்கப்போகிறோம், கருப்பைச் சவ்வு தயாராக இல்லாவிட்டால் நமக்கென்ன? அந்த மாத்திரை வகையையே தொடர்ந்து கொடுத்துக்கொண்டு முட்டை வளர்க்கிற முறை இருக்கிறதே என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பெரியவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, அரைமணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, மறுநாளே அவளை அனுப்பச் சொன்னார்.

மாரிச்செல்வியிடம் கேட்டேன். முட்டை கொஞ்சமாகத்தான் கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம், கருவானாலும் தங்குமென்று நிச்சயம் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். எனக்குக் கத்தி வேண்டாம் டாக்டரம்மா என்றாள். அது போதும் என்று கதவைத் திறந்து மற்ற இருவரையும் உள்ளே அழைத்தேன்.

அவள் சொன்னதை அவள் அனுமதியோடு சண்முகவேலிடம் சொன்னேன். மாத்திரை, வலி, பூட்டிய அலமாரி, எல்லாம். மாமியார் எழுந்துவிட்டார். சாமி காரியம், குறை வந்தால் யார் பொறுப்பு, நானும் இதைப் போட்டுத்தான் இத்தனை கொடை கழித்தேன் என்றார். சண்முகவேல் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். லீவில் வந்த காலத்தில்கூட அவள் அவனிடம் வலியைச் சொன்னதில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆபரேசன் கிடையாதும்மா" என்றான். "நாளைக்கே திருநவேலிக்குப் போறோம். மொளப்பாரிய அக்கா எடுக்கட்டும்."

முளைப்பாரியை அவன் அக்காதான் எடுத்தாள், கொடைக்கு ஒரு குறையும் வரவில்லை.

விரல்விட்டு எண்ணக்கூடிய முட்டைகள்தான் கிடைத்தன, இரண்டு கரு தேறியது. சண்முகவேல் தேவையான கையெழுத்தெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டு லீவு முடிகிற அன்று ரயில் ஏறினான். ஆவணி ஆபரேஷன் நடக்கவில்லை.

பிள்ளை பிறந்ததா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும், இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது இன்னும் உறைநிலையில் பத்திரமாக இருக்கிறது, எப்போது வைத்துக்கொள்வது என்று அவளும் அவனும் சேர்ந்து முடிவு செய்வார்கள். தங்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, நீங்களும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் வலி போயிற்றா என்று ஒருவராவது முதலில் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

முதல் கரு தங்காமல் போன பிறகு அவள் உடம்பு தேறட்டும், நோயும் அடங்கட்டும் என்று சில மாதத்துக்குத் தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்னால் மாமியாரும் மருமகளும் ஒன்றாக வந்தார்கள். மாமியார் மாத்திரை அட்டையை என் மேஜையில் வைத்தார். குரலில் சண்டை இல்லை, அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"இந்த மாசம் கொடையும் இல்ல, கலியாணமும் இல்ல. இவ யாருக்காவ டாக்டரம்மா இதப் போடுதா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாரிச்செல்வி அட்டையை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் அத்த" என்றாள். "எனக்கு வலிக்கும்லா."